கிழக்கே பார்த்து வைத்த பானை

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதை ஒளிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். அப்போதுதான் மற்றதின் உயரம் தெரியும்.

பலெர்மோவில், அல்பெர்கேரியா ஒழுங்கைக்குள், மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டியிருந்த ஒரு வீட்டை ஓடு மாற்றிச் சுண்ணாம்பு அடித்து மனிதர் குடியிருக்கிற வீடாக்கியது நான். பல்லரோச் சந்தைக்குப் பின்னால் எங்கள் ஆட்களுக்கென்று முதல் பலசரக்குக் கடை போட்டது நான். சந்தையில் எறிந்துவிட்டுப் போன தோடம்பழப் பெட்டிகளை உடைத்துத் தட்டு அடித்தேன். அந்தத் தட்டுகள் இன்றைக்கும் ஆடவில்லை. பாதிரியாரிடம் போய் நின்று, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு மண்டபம் கேட்டு வாங்கியதும் நான்தான். நான் சைவக்காரன், அவர் மாதா கோயில்காரர். ஆனாலும் தந்தார், கேட்ட விதம் அப்படி. ஒரு கராஜுக்குள் பிள்ளையாரைக் கொண்டுவந்து இருத்தியதும் நான்தான். எத்தனையோ பேரைக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போய், பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்கு நிற்கிற வரிசையில் அவர்களுக்காக இத்தாலியன் கதைத்தேன். அந்த நேரம் எனக்கும் இத்தாலியன் தெரியாது.

இவ்வளவையும் பகலில் ஒரு சிஞ்ஞோரா, அதாவது இத்தாலிய வீட்டுக்கார அம்மா, வீட்டில் தரை துடைத்துக்கொண்டு, சட்டி கழுவிக்கொண்டுதான் செய்தேன். தகப்பன் விட்டுப்போன காணியில்லை, படித்த தமையனில்லை, கைதூக்கிவிட ஒருவருமில்லை.

இதெல்லாம் பலெர்மோத் தமிழருக்குத் தெரிந்த கதை. தெரியாத கதை ஒன்று இருக்கிறது. அது பலெர்மோவில் நடக்கவில்லை. நோர்வே நாட்டின் உச்சந்தலையில், பெயரைச் சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளும் ஒரு தீவில், தொண்ணூறுகளில் ஒரு தை மாதம் நடந்தது.

அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் யாரும் லீவு எடுத்து ஊர் சுற்றப் போனதில்லை. லீவு என்றால் ஒன்றில் கல்யாணம், அல்லது செத்தவீடு. உல்லாசப் பயணம் என்பது சிஞ்ஞோராமாருக்கு உரியது. எங்கள் சிஞ்ஞோரா ஒவ்வொரு மாரியிலும் ஒரு கிழமை பனிமலைக்குப் போவா; திரும்பி வந்து, சிவந்த மூக்கோடு அந்தப் பனியின் கதையை ஒரு மாதம் சொல்லுவா. அந்த முறை, அவ வாய் திறக்கு முன்னமே நான் திறந்தேன்.

"சிஞ்ஞோரா, இந்த முறை நானும் மனைவியும் பனிக்குப் போகிறோம். நோர்வே. ஒரு தீவு. இரண்டு கிழமை."

அவ கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தா. "நீயா? ஒக்டோபர் மாதமே கம்பளிச் சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை போடுகிறவன் நீ."

"அது பலெர்மோக் குளிர், சிஞ்ஞோரா. அது வீட்டுக்குள் இருக்கிற குளிர். அங்கே குளிரை வெளியில் வைத்திருக்கிறார்களாம்."

சிரித்துவிட்டு உள்ளே போய், காலமாகிவிட்ட தன் கணவருடைய ஓவர்கோட்டை எடுத்து வந்து தந்தா. உரோமக் கழுத்து வைத்தது. பூச்சி உருண்டை மணம். எனக்கு முழங்காலுக்குக் கீழே வந்தது. அதை உடம்பில் போட்டுக்கொண்டு வியா மக்வேதாத் தெரு முழுக்க நடந்து வீட்டுக்கு வந்தேன். எதிர்ப்பட்ட எல்லாரிடமும் சொன்னேன்: "உல்லாசப் பயணம் போறன். பனி பாக்கப் போறன்."

அது பாதி உண்மை. மீதியை இப்போது எழுதுகிறேன்.

என் மனைவிக்கு ஒரே ஒரு தங்கை. அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்ததும் நான்தான். மாப்பிள்ளை அந்தத் தீவில் மீன் தொழிற்சாலையில் வேலை. நல்ல பொடியன், குடியில்லை, புகையில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஊரிலிருந்து அவளை எடுப்பித்து, அதற்கு முந்தின ஆனி மாதம் அந்தத் தீவுக்கு அனுப்பிவைத்தோம். ஆனியில் அங்கே சூரியன் அடைவதில்லை. ஞாயிறு தோறும் தொலைபேசியில் அக்காளோடு சிரிப்பாள்.

"அக்கா, நடுச்சாமத்தில வெயில் எறிக்குது. நான் சோறு வைக்கிறது காலமையோ இரவோ எண்டு தெரியேல்லை. இவர் மீன் வெட்டிப்போட்டு வந்து சன்னலுக்குக் கம்பளி கட்டிப்போட்டுப் படுக்கிறார்!"

ஐப்பசியில் சிரிப்புக் குறைந்தது. கார்த்திகையில் கதை குறைந்தது. மார்கழி நடுவில் அவள் றிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு "ம்" என்று மட்டும் சொன்னாள். பிறகு புருஷன் றிசீவரை வாங்கினான்.

"அக்கா, அவ கட்டிலை விட்டு எழும்புறா இல்லை. ஒரு மாசமாச் சூரியன் இல்லை. வேலைக்குப் போனவ, அதையும் விட்டிட்டா. சுவரைப் பாத்துக்கொண்டு படுத்திருக்கிறா."

மனைவி றிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்கள் பேசின கல்யாணம்தானே," என்றாள். அது போதும். நான் கட்டியவை எல்லாவற்றிலும் இது ஒன்று சரிந்துகொண்டிருந்தது.

அவளைப் போய்ப் பார்ப்பது, தேறாவிட்டால் எங்களோடு பலெர்மோவுக்குக் கூட்டிக்கொண்டு வருவது என்று முடிவெடுத்தோம். அவளுக்கு இத்தாலி விசாவும் எடுத்துவைக்கச் சொன்னேன். அவன் ஒரு வார்த்தை மறுக்காமல் எடுத்து வைத்தான். இதை யாருக்குச் சொல்வது? அதனால்தான் உல்லாசப் பயணம் என்றேன்.

ரோமாபுரியிலிருந்து ஒரு விமானம், பிறகு இன்னொன்று, அதன்பின் காற்றாடி வைத்த ஒரு சின்ன விமானம், கடைசியில் படகு. நாங்கள் இறங்கியபோது பகல் இரண்டு மணி, வானத்தில் நட்சத்திரம். இறங்குதுறையில் மீன் மணம், வெளிச்சம் வைத்த கம்பங்கள், மற்றப்படி நீலமும் கறுப்பும். முழங்கால் வரை றப்பர் சப்பாத்துப் போட்ட ஒருவன் ஓடிவந்து என் பெட்டியை வாங்கினான். தங்கை புருஷன். என் ஓவர்கோட்டை மேலும் கீழும் பார்த்தான்.

"அண்ணை, நீங்கள் எந்த நாட்டு மந்திரி?"

"பகிடி விடுற அளவுக்கு நீர் நல்லா இருக்கிறீர். அவ எப்பிடி?"

அவன் பெட்டியைத் தோளில் ஏற்றினான். "வாங்கோ. பாருங்கோ."

அவள் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "வாங்கோ அத்தான்," என்றாள், திரும்பாமலே. மரியாதை குறையவில்லை, ஆள்தான் குறைந்திருந்தாள். மனைவி கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் ஏறி இருந்து, அவள் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துப் பின்னலை அவிழ்க்கத் தொடங்கினாள். முடி சிக்குப் பிடித்திருந்தது. போத்தலில் உறைந்து கிடந்த தேங்காயெண்ணெயை வீடு சூடாக்கும் இரும்பின் மேல் வைத்து உருக்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். ஒரு மணித்தியாலம் எடுத்தது அந்தச் சிக்கு.

டாக்குத்தர் ஒரு விளக்குக் கொடுத்திருந்தார். கண் கூசுகிற வெள்ளை விளக்கு. காலையில் அரை மணித்தியாலம் அதன் முன்னால் இருக்க வேண்டும். சொன்னபடி எழுந்து இருப்பாள், கண்ணை மூடிக்கொண்டு. முடிந்ததும் போய்ப் படுத்துவிடுவாள். பலெர்மோவிலிருந்து ஒரு பெட்டி நிறைய மண்டரின் கொண்டுபோயிருந்தேன். மீன் தொழிற்சாலைக்காரர் எல்லாரும் தோலையும் மணந்து மணந்து தின்றார்கள். அவள் ஒன்றைக் கையில் வாங்கித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். மறுநாளும் அது அங்கேயே இருந்தது.

நான் பார்க்க வந்த பனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல பனிதான். நடந்தால் அரிசிமா மிதிக்கிற மாதிரி ஒரு சத்தம். பகல் பதினொரு மணிக்கு மெல்லிய நீல வெளிச்சம் வரும். ஒரு மணிக்குப் போய்விடும். மரமே இல்லாத மலைகள். காய்வதற்காகத் தூக்கிக் கட்டிய மீன்கள் காற்றில் மரக்கட்டை மாதிரித் தட்டுப்படும். ஒரு நாள் வானத்தில் பச்சைத் துணி ஒன்றை யாரோ உதறியதுபோல வெளிச்சம் ஆடியது. நான் ஓடிப்போய் அவளைக் கூப்பிட்டேன்.

"பிள்ளை, வந்து பாரும். கோயில் திருவிழா மாதிரி இருக்கு."

"பாத்திருக்கிறன் அத்தான். நீங்கள் பாருங்கோ."

தைப்பொங்கல் வந்தது. தீவில் எங்கள் ஆட்கள் இன்னும் இரண்டு குடும்பம். எல்லாரும் மீன் வெட்டுகிறவர்கள்தான். குசினிக்குள் கறண்ட் அடுப்பில் பானை வைத்தார்கள். புகை வந்தால் கத்துகிற மணியைத் தங்கை புருஷன் கதிரையில் ஏறி நின்று கழற்றினான். வெளியே கும்மிருட்டு. பால் பொங்கியது, எல்லாரும் கும்பிட்டார்கள், எந்தப் பக்கம் பார்த்தென்று கேட்டால், குளிர்ப்பெட்டியைப் பார்த்து. மனைவி ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள். தங்கை ஒரு கரண்டி வாயில் வைத்து, "நல்லா இருக்கு அக்கா," என்று கிண்ணத்தைத் திருப்பித் தந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சூரியனுக்குப் பொங்கிறம் எண்டு சொல்லிப்போட்டு, சூரியன் இல்லாத ஊரில, கறண்ட் அடுப்பில பொங்கினா அதை ஆர் ஏற்கிறது?"

"அண்ணை, நாலு வருஷமா இப்பிடித்தான் பொங்கிறம்," என்றான் தங்கை புருஷன்.

"நாலு வருஷமாப் பிழை."

அவன் சண்டை பிடிக்கிற ஆளில்லை. பானையைக் கழுவப் போனான். நானும் பின்னால் போனேன். தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் மெதுவாகச் சொன்னான்: "அண்ணை, அவவைக் கூட்டிக்கொண்டு போங்கோ. போனா வரமாட்டா, அது எனக்குத் தெரியும். எண்டாலும் கூட்டிக்கொண்டு போங்கோ. சுவரைப் பாத்துப் பாத்து அவ என்னை விட்டுப் போறதைவிட, வெயிலைப் பாக்க விட்டுப் போறது நல்லம்."

பானையில் ஒட்டியிருந்த சோற்றை அவன் நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான். நான் கதைக்கத் தெரிந்தவன் என்று பெயரெடுத்தவன். அன்றைக்கோ ஒரு துணியை எடுத்து, அவன் கழுவி வைத்த பானையைத் துடைத்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு மனிசி வந்தா. நோர்வேக்காரி, வயதானவ, தொழிற்சாலையில் தங்கை புருஷனுக்குப் பக்கத்து மேசையில் மீன் வெட்டுகிறவ. கையில் ஒரு கேக். அவ சொன்னதை அவன் எனக்குத் தமிழில் சொன்னான்.

"அண்ணை, வாற கிழமை சூரியன் வருதாம். முதல் நாள். பள்ளிக்கூடம் விட்டிடுவினமாம். பிள்ளையள் எல்லாம் வெளியில போய் நிண்டு சூரியனைப் பாத்துப்போட்டு வட்டப் பணிஸ் தின்னுவினமாம்."

"எத்தினை மணிக்கு வருது?"

"பதினொண்டரைக்குப் பிறகாம். அஞ்சு பத்து நிமிஷம்தான் நிக்குமாம்."

"நீர் நாலு வருஷமா இஞ்சை இருக்கிறீர். ஒருநாளும் பாக்கேல்லையோ?"

"அந்த நேரம் நான் உள்ள மீன் வெட்டிக்கொண்டு நிப்பன் அண்ணை. தொழிற்சாலைக்குச் சன்னல் இல்லை."

அப்போது எனக்குள் ஒன்று எழும்பியது. எங்கள் ஆட்கள் சூரியனுக்குப் பொங்குகிறவர்கள், இவர்கள் சூரியனுக்குப் பணிஸ் ரொட்டி தின்கிறவர்கள், இரண்டும் ஒன்றுதானே? அப்படியென்றால் இந்தத் தீவில் பொங்கல் அன்றைக்குத்தான். சூரியன் வருகிற நாள், நாங்கள் திரும்பப் படகேறுவதற்கு முதல் நாள். மனைவியிடம் சொன்னேன்.

"உங்களுக்கென்ன விசரோ? தைப்பொங்கல் முடிஞ்சுது. ரெண்டாம் பொங்கல் எண்டு எந்தப் பஞ்சாங்கத்தில போட்டிருக்கு?"

"சூரியன் ரெண்டு மாசம் வராம இருக்கும் எண்டு எந்தப் பஞ்சாங்கத்தில போட்டிருக்கு, சொல்லும் பாப்பம்? விருந்தாளி வர முந்தியே சோத்தைப் போட்டு முடிச்சாச்சு. இனி அவர் வரேக்குள்ள வெறும் கோப்பையைக் காட்டுறதோ?"

அவள் எழுந்துபோய் அரிசி மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தாள். ஆறாம் வகுப்பு மூளை என்று யாரும் சிரிக்கட்டும்.

வேலையை என் கையில் எடுத்தேன். முதலில் திசை. பலெர்மோவில் கிழக்கு எது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. வெயில் பகேரியாப் பக்கம் ஏறும், பார்த்துக்கொண்டே வேலைக்குப் போகலாம். இந்தத் தீவில் இருட்டுக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். துறையில் படகுக்காரன் ஒருவனிடம் திசைகாட்டி இரவல் வாங்கினேன். வீட்டுக்குப் பின்வளவில் நின்று பிடித்தேன். ஊசி நின்றது. கிழக்கு கிடைத்தது. அந்தப் பக்கம் கடல், தடையொன்றும் இல்லை. வீடு எங்கள் வலது கைப்பக்கம் வந்தது. காற்றுக்கு நல்ல மறைப்பு. இதைவிட என்ன வேண்டும்?

பனியை வெட்டி நிலம் எடுத்தேன். மூன்று கல்லைத் துறைமுகக் கரையில் கடப்பாரை போட்டுக் கிளப்பினேன். மீன் பெட்டிப் பலகைகளைப் பிளந்து விறகாக்கினேன். மனைவி கோலம் போட அரிசிமாவோடு வந்தாள். இரண்டு இழை இழுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இஞ்சேருங்கோ, நான் கோலம் போட்டனானோ இல்லையோ?"

வெள்ளைப் பனியில் வெள்ளை மா. போட்டவளுக்கே தெரியவில்லை. மஞ்சள்தூள் டப்பாவை எடுத்து வந்து கொடுத்தேன். மஞ்சளில் போட்டாள். இன்றைக்கும் அந்தத் தீவில் மஞ்சளில்தான் கோலம் போடுகிறார்கள் என்று கேள்வி.

சூரியன் வருவதற்கு முதல் நாளே மனைவி தங்கையின் பெட்டியை அடுக்கினாள். சேலைகள், ஊர்ப் படங்கள், ஒரு சோடிச் செருப்பு. அவள் கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அங்கை இப்ப வெயில் இருக்கோ?"

"ஓமடி. நல்ல வெயில்."

உண்மையில் நாங்கள் புறப்பட்ட அன்று பலெர்மோவில் மழை ஊற்றியது. மனைவி சொன்ன பொய்யை நான் திருத்தவில்லை. தங்கை புருஷன் வாசலில் நின்று, அடுக்கிய பெட்டியின் பட்டியை இழுத்து இறுக்கிக் கட்டினான். போகிற வழியில் அவிழ்ந்துவிடக்கூடாதாம்.

அந்த நாள் வந்தது. தொழிற்சாலையில் கேட்டு இரண்டு மணித்தியாலம் லீவு வாங்கிக்கொண்டு மூன்று குடும்பமும் வந்தது. பின்வளவில், சிஞ்ஞோராவின் கணவருடைய ஓவர்கோட்டோடு, நான் நெருப்பு மூட்டினேன். மீன் பெட்டிப் பலகை எரிந்தால் மீன் பொரியல் மணக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. "சூரிய பகவானுக்கு மச்சப் பொங்கல்," என்றான் ஒருவன். மனைவி அவனை முறைத்தாள். தங்கையைக் கூப்பிட்டுப் பார்த்தோம். "குளிருது அக்கா," என்று கம்பளியை இழுத்துக்கொண்டாள். விட்டுவிட்டோம்.

பதினொன்றரை. வானம் வெளுத்துக்கொண்டு வந்தது. பத்துப் பன்னிரண்டு பேர், வரிசையாய்க் கிழக்கே பார்த்துக் கைகூப்பி நிற்கிறோம். வீட்டு மூலையால் எட்டிப் பார்த்தேன். முன்தெருவில் நோர்வேக்காரர் பெரிய கூட்டம். பிள்ளைகள் கன்னத்தில் மஞ்சள் வட்டம் கீறியிருந்தார்கள். ஆனால் ஒருவராவது கிழக்கே பார்க்கவில்லை. எல்லாரும் வேறெங்கோ இரண்டு மலைக்கு நடுவில் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பாத்தீரே," என்றேன் தங்கை புருஷனிடம். "சூரியனை வரவேற்க வந்தவை நிக்கிற திக்கைப் பாரும். அவர் வந்து போறதுகூட இவைக்குத் தெரியப்போறேல்லை."

"ஓம் அண்ணை," என்றான் அவன், கிழக்கே பார்த்தபடி.

பக்கத்து வீட்டு மனிசி எங்களைப் பார்த்தா, கையாட்டினா, பிறகு மரியாதையாய்த் திரும்பிக்கொண்டா. எங்கள் சமயத்தில் இப்படித்தான் நிற்பது வழக்கம் என்று நினைத்தாவாம், பிறகு சொன்னா.

பானையில் பால் விளிம்புக்கு வரத் தொடங்கியது. வெளியில் இன்னும் வெளிச்சம் ஏறியது. கடல் விளிம்பில் ஒன்றும் இல்லை. முன்தெருவில் திடீரென்று பிள்ளைகள் கத்தினார்கள், யாரோ கை தட்டினார்கள். நாங்கள் கைகூப்பியபடி கிழக்கையே பார்த்தோம்.

பின்கதவு படாரென்று திறந்தது.

தங்கை. காலில் புருஷனுடைய றப்பர் சப்பாத்து, தொடை வரைக்கும். இரவுச் சட்டைக்கு மேல் கம்பளியைச் சுற்றியிருந்தாள். எத்தனை நாளைக்குப் பிறகோ அவள் குரல் வீட்டுக்கு வெளியில் கேட்டது.

"அத்தான்! அங்கை இல்லை! அங்கை இல்லை! முன்னுக்கு வாங்கோ! என்ர சுவரில வந்திட்டார்!"

ஒருவருக்கும் விளங்கவில்லை. "என்ர சுவரில, அக்கா! நான் பாத்துக்கொண்டு படுத்திருக்கிறன், சுவர் மஞ்சளாப் போச்சுது! திரும்பிப் பாத்தா சன்னலுக்குள்ள நிக்கிறார்! ஓடிவாங்கோ, போயிடப்போறார்!"

அந்த ஊரில், அந்த மாதத்தில், சூரியன் கிழக்கில் உதிப்பதில்லை என்பது எனக்குத் தெரியாது. தெற்கே தலையைக் காட்டித் தெற்கிலேயே அடைந்துவிடும். அது பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிற விஷயமாம். என் திசைகாட்டியில் பிழையில்லை. படித்த எங்கள் பொடியன்கள் மூன்று பேர் என்னோடு நின்றார்கள், அவர்களும் கைகூப்பிக்கொண்டு கிழக்கைத்தான் பார்த்தார்கள். தெற்குச் சன்னல் அவளுடைய அறையில்தான் இருந்தது. அதற்கு நேரெதிரில்தான் அவள் பார்த்துக்கொண்டு படுத்த சுவர்.

எல்லாரும் ஓடினார்கள். தங்கை, புருஷனுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். பெரிய சப்பாத்துக்குள் கால் தடுக்கி விழப்போனவளை அவன் தாங்கிப் பிடித்தான், அப்படியே வீட்டு மூலையால் மறைந்தார்கள்.

நான் போகவில்லை. பால் விளிம்பில் நிற்கிறது. பொங்கல் பானையை ஆளில்லாமல் விடக்கூடாது. காற்று வேறு நெருப்பை அணைக்கப் பார்த்தது. ஓவர்கோட்டை விரித்து மறைப்புப் பிடித்தேன். முன்பக்கம் சிரிப்பும் ஆரவாரமும் கேட்டது. வீட்டு மூலைக்கு அப்பால் பனியில் ஒரு கீற்று, தோடம்பழத் தோல் நிறத்தில் விழுந்து கிடந்தது. பிறகு அது மெலிந்து போய்விட்டது. மூவாயிரம் மைல் போய், சூரியன் வந்த அன்று, அந்தத் தீவிலேயே சூரியனைப் பார்க்காத ஒரே மனிதன் நான்தான்.

அவர்கள் திரும்பி வரும்போது பால் பொங்கி வழிந்தது. மனைவி இடுப்பில் கைவைத்தாள்.

"நல்ல வேலை. விருந்தாளி வந்து போனாப்பிறகு சோறு."

தங்கை மூச்சு வாங்கிக்கொண்டு பானைக்கு முன்னால் குந்தினாள். மூக்கு சிவந்திருந்தது. அரிசியை இரண்டு கையாலும் அள்ளிப் பானையைச் சுற்றிப் போட்டாள்.

"பரவாயில்லை அக்கா," என்றாள். "நாளைக்கும் வருவார்தானே."

சொன்னது தனக்கே கேட்காததுபோல் அகப்பையை எடுத்துக் கிண்டத் தொடங்கினாள். தங்கை புருஷன் என்னைப் பார்த்தான். உடனே பார்வையை எடுத்து, விறகு பார்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டான். மறுநாள் எங்களுக்குப் படகு. நாளைய சூரியனைப் பார்க்க வேண்டியவள் எங்களோடு வர முடியாது. அதை எல்லாரும் விளங்கிக்கொண்டோம்.

பிறகு அவள் நிமிர்ந்து, என்னையும் திசைகாட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அத்தான், இந்தக் கிழக்கை எங்கை வாங்கினனீங்கள்? பல்லரோவிலையோ?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனி மாதத்துச் சிரிப்பு. மற்றவர்கள் சேர்ந்து சிரித்தார்கள், என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் கோபித்தவன்போல நின்றேன். அவள் சிரித்து முடிக்கட்டும் என்றுதான் நின்றேன். அவள் அன்று இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள்; பக்கத்து வீட்டு மனிசி தந்த பணிஸையும் சாப்பிட்டாள். அன்றிரவு படுக்கு முன் தானே பெட்டியின் பட்டியை அவிழ்த்தாள். புருஷன் இறுக்கிய கட்டு. அவிழ்க்கப் பல்லும் வேண்டியிருந்தது.

அடுத்த மாரியிலும் அவள் கொஞ்சம் படுத்தாள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கட்டிலைத் திருப்பிப் போட்டிருந்தாள், தலை சன்னல் பக்கம். இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

அந்தத் தீவில் அதன்பிறகு ஒவ்வொரு வருடமும், சூரியன் வருகிற நாளில், முன்வளவில் தெற்கே பார்த்துப் பானை வைக்கிறார்கள். நோர்வேக்காரரும் கிண்ணத்தோடு வருகிறார்களாம். அங்கே ஒரு சங்கம் தொடங்கியிருக்கிறார்கள். அதன் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. கீழே "சங்கத்தின் முயற்சியால் ஆரம்பிக்கப்பட்ட சூரியப் பொங்கல்" என்று எழுதியிருக்கிறது. படத்தில் நான் இல்லை. சங்கமும் அன்றைக்கு இல்லை. கலியாண வீடுகளில் தங்கை புருஷன் இந்தக் கதையைச் சொல்கிறான். "எங்கட அண்ணை சூரியனுக்கு முதுகைக் காட்டிப் பொங்கினவர்" என்பதோடு நிறுத்துகிறான். சனம் சிரிக்கிறது. டாக்குத்தரின் விளக்குத்தான் சுகமாக்கியது என்கிறவர்களும் உண்டு. தன் எண்ணெய் என்கிறாள் என் மனைவி. எல்லாரும் தங்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு காலமும் நானும் கூடச் சிரித்துக்கொண்டு இருந்தேன். இனி இருக்கமாட்டேன். சங்கத்தாரே, அந்தப் படத்துக்குக் கீழே என்னையும் எழுதுங்கள். பெயர் வேண்டாம். பலெர்மோவிலிருந்து வந்த ஒருவன் இந்தப் பொங்கலைத் தொடக்கினான், பிழையான பக்கம் பார்த்துப் பானை வைத்தான் என்று எழுதுங்கள். பானையைச் சரியான பக்கம் வைத்திருந்தால் நாங்கள் எல்லாரும் சூரியனைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்போம். உள்ளே ஒருத்தி படுத்திருக்கிறாள் என்ற நினைவே வந்திராது. நான் பிழைவிட்டபடியால்தான், அவள் எழுந்து ஓடிவந்து எங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பிழை என்னுடையது. அதைச் சங்கம் எடுத்துக்கொள்ள நான் விடமாட்டேன்.